சேடர் நம் வீட்டிலா, மாமியார் வீட்டிலா? யூத–தமிழ்க் குடும்பத்துக்கு முன் நான்கு வழிகள்

அமெரிக்காவில் யூதரைக் கல்யாணம் செய்துகொண்ட தமிழர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: குழந்தை பிறந்துவிட்டது, இனிப் பண்டிகைகளை, சேடர் எனும் பெசாக் (பஸ்கா) விருந்து முதல் தீபாவளி வரை, என்ன செய்வது? கல்யாணம் வரை இது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. காலையில் சாஸ்திரிகளை வைத்துத் தாலி, மாலையில் ராபை என்ற யூத குருவை வைத்துக் கண்ணாடி உடைப்பு, இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். அது ஒரு நாள் கூத்து. பண்டிகை வருஷாவருஷம் வரும்.

கலப்புத் திருமணம் அமெரிக்க யூதர்களுக்குப் புதிதல்ல. பியூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், மணமான யூதர்களில் 42 சதவீதம் பேரின் துணை யூதரல்லாதவர். 2010-க்குப் பிறகு மணந்தவர்களில் அது 61 சதவீதம். ஆனால் யூதர் தொழுகைக்கூடமான சினகாக்கில் இந்த ஜோடிகளுக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் கிறிஸ்தவத் துணையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. நமக்கு மரம் பிரச்சினை இல்லை. கொலுப்படி பிரச்சினை. ஆகவே நம் கணக்கை நாமேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தவரை குடும்பங்கள் நான்கு வழிகளில் ஒன்றில் போய் நிற்கின்றன: யூதப் பண்டிகை மட்டும், இரண்டும் முழுசாக, எல்லாம் தாத்தா பாட்டி வீட்டில், இரண்டையும் கலந்து ஒன்று.

## எதை வைத்து எடை போடுவது

நாட்காட்டி. இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆனால் அதிகம் படுத்துவது இதுதான். யூத மாதம் அமாவாசை கழிந்து பிறக்கிறது. நவராத்திரியும் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. ரோஷ் ஹஷானா என்ற யூதப் புத்தாண்டு திஷ்ரி மாதத்தின் முதல் நாள். யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு விரதம் பத்தாம் நாள். விஜயதசமியும் வளர்பிறைப் பத்தாம் நாள். அந்த வருஷம் இரண்டு மாதங்களும் ஒன்றாக அமைந்தால் சரஸ்வதி பூஜையன்று மாலை யோம் கிப்பூர் விரதம் தொடங்கிவிடும்.

| ஆண்டு | யோம் கிப்பூர் (மாலை முதல் மறுநாள் இரவு வரை) | சரஸ்வதி பூஜை, விஜயதசமி |
|---|---|---|
| 2022 | அக்டோபர் 4–5 | அக்டோபர் 4, 5 |
| 2023 | செப்டம்பர் 24–25 | அக்டோபர் 23, 24 |
| 2024 | அக்டோபர் 11–12 | அக்டோபர் 11, 12 |
| 2025 | அக்டோபர் 1–2 | அக்டோபர் 1, 2 |
| 2026 | செப்டம்பர் 20–21 | அக்டோபர் 19, 20 |

(வலப்பக்கம் இருப்பவை தமிழ்நாட்டுத் தேதிகள். அமெரிக்கக் கோயில்களில் ஒரு நாள் முன்னே பின்னே போகலாம்.)

யூத நாட்காட்டி 19 வருஷத்துக்கு 7 தடவை, எப்போதும் ஆதார் மாதத்தை ஒட்டி, ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறது. நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால்தான் 2023-லும் 2026-லும் ஒரு மாத இடைவெளி. பஞ்சாங்கத்தையும் யூத நாட்காட்டியையும் ஜனவரியிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஆபீசில் லீவு கேட்கும் நேரமும் அதுதான்.

சமையலறை. பெசாக் எட்டு நாட்களுக்கு வீட்டில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்பது. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யார் கைவேலை. யூதப் பண்டிகைகளில் முக்கால்வாசி வீட்டுக்குள் நடப்பவை. சேடர் விருந்து, ஹனுக்கா விளக்கு, வெள்ளி இரவு ஷபாத் (வாராந்தர ஓய்வு நாள்) சாப்பாடு எல்லாம் மேசையைச் சுற்றித்தான். மேசை என்றால் சமையல். சமையல் என்றால் யார்? கணவர் பிறந்த மதத்தின் பண்டிகையை, அதில் பிறக்காத மனைவி இணையத்தில் படித்துப் படித்துச் சமைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அங்கே எந்த வழியும் நிலைக்காது.

சடங்கின் எல்லை. யூத மதத்தில் உருவ வழிபாட்டுத் தடை சின்ன விஷயமல்ல. 2004-ல் ராபை யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், திருப்பதியில் மொட்டையடித்துக் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்குகளை ஆசார யூதப் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அது ஒரு கோடி. இன்னொரு கோடியில், 2008-ல் ஜெருசலேமில் இஸ்ரேலின் தலைமை ராபைகளும் இந்து ஆச்சாரியர்களும் கூடி, இந்துக்கள் வழிபடுவதும் ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். உங்கள் துணை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறார் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கொலுவைப் பார்ப்பது, சுண்டல் சாப்பிடுவது, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மூன்றும் அவருக்கு மூன்று வெவ்வேறு விஷயங்களாக இருக்கலாம்.

பிள்ளை யார். யூத மதத்தின் ஆசாரப் பிரிவான ஆர்த்தடாக்ஸ், நடுப்பிரிவான கன்சர்வேட்டிவ் இரண்டுக்கும் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். தாராளப் பிரிவான ரிஃபார்ம் 1983 முதல், தந்தை மட்டும் யூதராக இருந்தாலும் பிள்ளை யூதராக வளர்க்கப்பட்டால் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தமிழ் மாப்பிள்ளை – யூதப் பெண் வீட்டுக்கும், தமிழ்ப் பெண் – யூத மாப்பிள்ளை வீட்டுக்கும் கணக்கு ஒன்றல்ல. முன்னதில், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் கணக்கில், பண்டிகை எப்படிப் போனாலும் பிள்ளையின் நிலை மாறாது. பின்னதில், ரிஃபார்ம் கணக்கில், பண்டிகையை எப்படிக் கொண்டாடினோம் என்பதே பிள்ளையின் அடையாளத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

## வழி 1: யூதப் பண்டிகை மட்டும்

வீட்டுக்கு ஒரு மதம். தமிழ்ப் பக்கம் பண்பாடாக இருக்கும். மொழி, சாப்பாடு, பட்டுப் பாவாடை, பாட்டு வகுப்பு எல்லாம் உண்டு, பூஜை இல்லை.

இதன் பெரிய பலம் தெளிவு. சினகாக் பள்ளிகள் பல, வேறொரு மதத்தின் வகுப்புக்குப் போகும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஹீப்ரு பள்ளியா, பாலவிஹார் என்ற இந்துப் பிள்ளைகள் வகுப்பா என்ற இழுபறி இந்த வீட்டில் எழாது. பதிமூன்று வயதில் மதப் பொறுப்பேற்கும் சடங்கான பார் மிட்ஸ்வா, பெண்ணென்றால் பாட் மிட்ஸ்வா, என்று பாதை நேராகப் போகும்.

மறைந்திருக்கும் செலவு வேறு. தமிழில் பண்பாட்டையும் பக்தியையும் பிரிக்கிற கோடு எங்கே? பொங்கல் பானையைச் சூரியனுக்குக் காட்டுவது எதில் சேர்த்தி? கார்த்திகைக்கு வாசலில் அகல் வைப்பது? அம்மா சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும்போது காலையில் சுவாமி விளக்கேற்றுவார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். "இது பாட்டியோடது, நம்மோடது இல்லை" என்று சொல்லிக் கொடுக்க எல்லாத் தாய்க்கும் வாய் வராது. சினகாக் சந்தாவும் சேர்த்துப் பாருங்கள்: வருஷச் சந்தா, பள்ளிக் கட்டணம், சில இடங்களில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் இருக்கைக்குத் தனிச் சீட்டு. முடிந்ததைக் கொடுங்கள் என்று சொல்லும் சினகாக்குகளும் இப்போது நிறைய இருக்கின்றன. கேட்க வெட்கப்படாதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: தமிழ்த் துணைக்கே கடவுள் நம்பிக்கையோ பூஜைப் பழக்கமோ அதிகம் இல்லாத வீடு, யூதத் துணை தன் பண்டிகையைத் தானே சமைத்து, தானே சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கும் வீடு. இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

## வழி 2: இரண்டும் முழுசாக

கேட்க நியாயமாக இருக்கும். லீவுக் கணக்கைப் போடுங்கள்: ரோஷ் ஹஷானாவுக்கு இரண்டு நாள், யோம் கிப்பூருக்கு ஒன்று, பெசாக்குக்கு ஒன்றோ இரண்டோ, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அதற்கு மேல் ஊருக்குப் போய்வர மூன்று வாரம். பெரும்பாலான அமெரிக்கக் கம்பெனிகள் இவ்வளவு கொடுக்காது. பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் இரண்டுக்கும் மூடுகின்றன, 2024 முதல் தீபாவளிக்கும்.

நாட்காட்டி மோதும் வருஷத்தில் இந்த வழி எப்படி இருக்கும் என்பதற்கு 2025 அக்டோபர் 1. அன்று சரஸ்வதி பூஜை. சூரியன் மறைந்ததும் யோம் கிப்பூர். சுமார் 25 மணி நேரம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாலையில் பூஜை செய்யும் வழக்கமுள்ள வீட்டில் நைவேத்தியம் ஆகும்போது மாப்பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரிசெய்ய முடியாததல்ல. பூஜையைக் காலைக்கு மாற்றி, நான்கு மணி வாக்கில் சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமுமாக எல்லாரும் சாப்பிட்டால் விரதத்துக்கு முந்தைய சாப்பாடும் அதிலேயே முடிந்துவிடும். தயிர்சாதத்தைவிட விரதத்துக்கு உகந்த கடைசிச் சாப்பாடு எந்த யூதச் சமையலிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் அம்மா போனில் கேட்டது: "மாப்பிள்ளை தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாமே, மயக்கம் கியக்கம் வந்துட்டா?" நிர்ஜல ஏகாதசி இருப்பவருக்கே அந்தக் கவலை. அதோடு கொஞ்சம் மரியாதையும் கூடியது.

மறுநாள் விஜயதசமி. அடுக்கிய புத்தகத்தை எடுத்துப் படிப்பதில் தடையில்லை. ஆனால் யோம் கிப்பூரன்று எழுதுவது வேலையில் சேர்ந்தது, ஆசாரப்படி கூடாது. அரிசியில் அ எழுதும் சடங்கை, நட்சத்திரம் தெரிந்து விரதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் இந்த வழியின் முழுச் செலவும்.

யாருக்குப் பொருந்தும்: இரண்டு பேருமே பழக்கம் உள்ளவர்கள், இரண்டு பேருமே சமைப்பவர்கள், யாராவது ஒருவருக்காவது வீட்டிலிருந்து வேலை. 2026 போல ஒரு மாத இடைவெளி விழும் வருஷத்தில் தொடங்கினால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

## வழி 3: எல்லாம் தாத்தா பாட்டி வீட்டில்

சேடருக்கு மாமியார் வீடு, தீபாவளிக்கு ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. செலவு குறைவு, சண்டையும் குறைவு. பெரும்பாலான குடும்பங்கள் முடிவெடுக்காமலே வந்து நிற்கும் இடம் இது.

இதில் ஒரு சமமின்மை ஒளிந்திருக்கிறது. யூதத் தாத்தா பாட்டி காரில் போகும் தூரத்தில் இருப்பார்கள். நம்மவர்கள் திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் ஊருக்குப் போனால் பொங்கலும் கிடைக்காது, நவராத்திரியும் கிடைக்காது, தீபாவளியும் கிடைக்காது. ஆடி மாதத்து வெயிலும் கூழும்தான். ஆக ஒரு பக்கத்துப் பண்டிகைகளைப் பிள்ளை மடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும், இன்னொரு பக்கத்துப் பண்டிகைகளைத் திரையில் பார்க்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனால் பத்து வருஷத்தில் அதுவே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பெரியவர்கள் போன பிறகு சேடர் யார் வீட்டில்? மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஹக்கதா என்ற சேடர் நூலை வாசிக்க அடுத்த தலைமுறையில் ஆள் தயாராகியிருக்க வேண்டும். விருந்தாளியாகவே போய் வந்த மகனுக்கு அது வராது.

யாருக்குப் பொருந்தும்: கைக்குழந்தை வீடுகள், இருவருக்கும் மதத்தில் பிடிப்பில்லாத வீடுகள், யாராவது உடம்பு முடியாமல் இருக்கும் காலம். இரண்டு மூன்று வருஷத்துக்கு நல்ல ஏற்பாடு.

## வழி 4: இரண்டையும் கலந்து ஒன்று

ஹனுக்காவும் தீபாவளியும் விளக்குப் பண்டிகைதானே, சேர்த்து ஒரே விருந்தாக வைத்துவிடலாமே என்பது. படம் எடுத்துப் போட மிக அழகானது, எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது. ஹனுக்கா, கிரேக்க அரசன் தடை செய்த வழிபாட்டை மக்கபேயர்கள் சண்டையிட்டு மீட்ட கதை. மற்றவர்களோடு கரைந்துபோக மறுத்தவர்களின் பண்டிகை. அதைக் கரைத்துக் கொண்டாடுவதில் ஏதோ இடிக்கிறது. பிள்ளையும் கெட்டி. பத்து வயதில் "இதில் எது நிஜம்?" என்று கேட்கும்.

ஆனால் கலப்பு என்றாலே போலி என்றும் சொல்லமாட்டேன். கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ராயேல் யூதர்கள், நல்ல காரியம் கைகூடினால் அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து, பழங்கள் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்து 'மாலிதா' படைக்கிறார்கள். அதைக் கண்டவுடன் நம் வீட்டுப் பாட்டிகள் நைவேத்தியம் என்றுதான் சொல்வார்கள். அது ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததால் வேர்விட்டது. ஒரு வீடு ஒரு டிசம்பரில் கண்டுபிடிப்பதற்கு அந்த வேர் இருக்காது.

சாப்பாட்டில் கலக்கலாம், தாராளமாக. சடங்கில் வேண்டாம் என்பது என் கட்சி. ஹனுக்காவுக்கு எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகும். உருளைக்கிழங்கு அடையான லாட்கேயின் பக்கத்தில் மெதுவடை வைத்தால் எந்த ராபையும் கோபிக்கமாட்டார். அந்த எட்டு நாள் மார்கழியில் வந்து விழும் வருஷத்தில் வாசலில் கோலம், ஜன்னலில் மெனோரா (ஹனுக்கா விளக்கு) என்று இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கலாம்.

## பெசாக்: சமையலறையே தீர்ப்புச் சொல்லும் எட்டு நாள்

எந்த வழியை எடுத்தாலும் பெசாக் வந்தால் சமையலறை பேசும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்தும், மட்சா என்ற புளிக்காத ரொட்டியாக இருந்தால் தவிர, ஆகாது. சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாம் வெளியே. இதுவரை சரி. அரிசி, பருப்பு, உளுந்து, கடுகு, எள்?

ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி யூதர்கள் இவற்றையும் 'கித்னியோத்' என்று ஒதுக்கிவைத்தார்கள். ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி வந்த செபார்டிகள் அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்துச் சமைப்பார்கள். 2015-ல் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு அஷ்கனாசிகளும் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. தமிழ் வீட்டுக்கு இந்த ஒரு தீர்ப்பு போதும்: இட்லி, தோசை, பொங்கல், சாம்பார் அத்தனையும் உள்ளே வந்துவிடும். மாவு புளிக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. தடை அந்த ஐந்து தானியத்தின் புளிப்புக்குத்தான். யூதச் சட்ட நூலான தல்மூதிலேயே சேடர் தட்டுக்கு பீட்ரூட்டும் அரிசியும் போதும் என்று ராவ் ஹூனா சொன்னதாக இருக்கிறது. அந்தத் தட்டில் வழக்கமாக வைக்கும் எலும்பை வைக்க மனமில்லாத சைவ வீட்டாருக்கு அது பெரிய ஆறுதல்.

மாட்டிவிடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி எல்லாவற்றுக்குள்ளும் அது போயிருக்கும். பெசாக்குக்கு முன் அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கிப் பொடிகளைப் புதிதாகத் திரிக்க வேண்டும். சப்பாத்தி போட்ட இரும்புக் கல்லை ஆசாரப்படி சுத்தம் செய்வதென்றால் நெருப்பில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். வருஷக்கணக்காகப் பழக்கிய கல்லுக்கு அது மரண தண்டனை. தனி தோசைக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள். மண்சட்டியைச் சுத்தம் செய்ய வழியே கிடையாது, கட்டி மேலே வைத்துவிட வேண்டியதுதான். மிச்சமிருக்கும் கோதுமைப் பொருளை யூதரல்லாதவருக்கு விற்றுவிடும் வழக்கம் ஒன்று உண்டு. "வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கே, ஏன் வெளியே தேடணும்?" என்ற நகைச்சுவை மாமனார் மேசையில் வருஷம் தவறாமல் வரும். சிரித்து வையுங்கள்.

மாமியார் வீடு கித்னியோத் ஒதுக்கும் வீடு என்றால், சேடருக்கு உங்கள் லெமன் ரைஸ் அங்கே போகாது. கேட்காமல் செய்து எடுத்துப்போகாதீர்கள். சித்திரைப் பிறப்பு பெசாக்குக்குள் விழும் வருஷமும் வரும். 2025-ல் சேடர் ஏப்ரல் 12 மாலை, புத்தாண்டு 14-ஆம் தேதி. போளியும் சேமியாப் பாயசமும் கிடையாது. வேப்பம்பூ, மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பால் பாயசம் தாராளமாக ஆகும். காலையில் மட்சாவை உடைத்து வெங்காயம் தாளித்து உப்புமா.

## என் தேர்வு

நான்கில் ஒன்றை வருஷம் முழுதுக்கும் எடுப்பதைவிட, பண்டிகைக்குப் பண்டிகை தனித்தனியாகப் பிரிப்பது நல்லது என்று நினைக்கிறேன். பிரிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை யார் கையால் செய்வார்? கை இல்லாத பண்டிகையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அப்படிப் பார்த்தால் சேடரை நம் வீட்டில் வைத்துக்கொள்வதே மேல்; மாமனார் மாமியாரை இங்கே அழைக்கலாம். கடைசிக் குழந்தை எழுந்து நான்கு கேள்வி கேட்டால்தான் கதையே தொடங்கும் என்று அமைந்த பண்டிகை அது; வந்து உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பாட்டிக்கும் அதே கேள்விகள் பொருந்தும், அவருக்கும் பதில் தெரியாது. யோம் கிப்பூர் யூதத் துணையுடையது. மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும், கூடப் பட்டினி கிடக்க அவசியமில்லை. ரோஷ் ஹஷானா மாமியார் வீட்டில். கொலு வைப்பதானால் தமிழ்த் துணை தானே வைக்க வேண்டும், யூதத் துணை படி தூக்கிக் கொடுக்கலாம். கூடாரப் பண்டிகையான சூக்கோத்துக்குத் தோட்டத்தில் பந்தல் போடுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பூரிம் வேஷம் போட்டுக் குதிப்பது, அதற்கு ஆலோசனையே வேண்டாம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் கொலுவும் இல்லை, அதிக மாதமும் இல்லை. டிசம்பரும் பெசாக்–ஈஸ்டர் வாரமும்தான் இருக்கின்றன. பஸ்கா பண்டிகை வேதாகமத்தில் தமிழிலேயே படித்துப் பழகியது என்பதால் சேடர் மேசையில் அந்நியம் தோன்றாது. அதுவே ஆபத்தும்: பெரிய வியாழன் இராப்போஜனத்தின் கண்ணாடி வழியே சேடரைப் பார்த்து, அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினால் யூதச் சம்பந்தி முகம் சுருங்கும். அந்த மேசையில் அவர்கள் கதையை அவர்கள் சொல்ல விட்டு, மட்சாவை இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.